கணக்குப் பாடத்துக்குள் ஓர் ஆங்கிலப் பாடம்

'ஃபைவ் லெஸ் தேன் எக்ஸ்' (எக்ஸைவிட ஐந்து குறைவு) என்பதைக் கணிதக் குறிகளில் எழுதச் சொன்னால், 5-ஐ முதலில் போட்டு அதிலிருந்து எக்ஸைக் கழித்துவிடும் மாணவர்கள் அமெரிக்க வகுப்பறைகளில் நிறையப் பேர். எக்ஸிலிருந்து 5-ஐக் கழிப்பதுதான் சரி. சொற்கள் வந்த வரிசையிலேயே குறிகளையும் போடுவதால் வருகிற பிழை இது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளே இதில் தடுமாறுவதுண்டு. அந்த மொழியை இப்போதுதான் கற்கும் பிள்ளைக்குக் கழித்தல் நன்றாகத் தெரிந்திருந்தும் விடை தப்பிவிடுகிறது.

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் சுமார் 50 லட்சம் பேர், அதாவது ஏறக்குறைய பத்தில் ஒருவர், 'ஆங்கிலம் கற்கும் மாணவர்' என்ற பட்டியலில் இருக்கிறார்கள். முக்கால்வாசிப் பேரின் வீட்டு மொழி ஸ்பானிஷ். அரபு, சீனம், வியட்நாமிய மொழி பேசும் வீடுகளிலிருந்தும் வருகிறார்கள். தனி ஆங்கில வகுப்பு கிடைத்தாலும், நாளின் பெரும்பகுதியை இவர்கள் கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் முன்னால்தான் கழிக்கிறார்கள்.

இந்தப் பிள்ளைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது 1974-இல். சான்பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் தெரியாத சீன வம்சாவளி மாணவர்கள் சுமார் 1,800 பேர் எந்த மொழி உதவியும் இல்லாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் என்று கொடுத்துவிட்டால் சமமாக நடத்தியதாகாது என்று 'லாவ் எதிர் நிக்கல்ஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆசிரியர்களைத் தயார்ப்படுத்துவதற்கான விதிகளையும் சில மாநிலங்கள் அதன் பிறகு வகுத்தன. ஃபுளோரிடாவில் 1990-இல் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டின்படி, இத்தகைய மாணவர்களுக்குக் கற்பிக்கும் கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் 60 மணி நேரப் பயிற்சி பெற வேண்டும். ஆங்கிலப் பாட ஆசிரியருக்கு 300 மணி நேரம். மாசசூசெட்ஸ் 2012-இல் முக்கியப் பாட ஆசிரியர்களுக்கு இதற்கெனத் தனித் தகுதிச் சான்றைக் கட்டாயமாக்கியது.

பயிற்சியில் அடிக்கடி அடிபடும் பெயர் ஜிம் கம்மின்ஸ். விளையாட்டு மைதானத்தில் பேசுகிற ஆங்கிலம் ஓரிரு ஆண்டுகளில் வந்துவிடும், பாடப்புத்தக ஆங்கிலம் கைவர ஐந்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம் என்று கனடாவைச் சேர்ந்த இந்த ஆய்வாளர் காட்டினார். சரளமாக அரட்டை அடிக்கும் பிள்ளை வினாத்தாளைப் பார்த்துத் திகைப்பது சோம்பலால் அல்ல என்று ஆசிரியருக்குப் புரிவது இங்கேதான்.

நடைமுறை உத்திகளும் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு பரப்பிய 'மூன்று வாசிப்பு' முறையில், ஒரே கணக்கை வகுப்பு மூன்று முறை படிக்கிறது. முதல் முறை என்ன நடக்கிறது என்று மட்டும் பார்க்கிறார்கள். அடுத்து எந்தெந்த அளவுகள் வருகின்றன என்று. கடைசியாக எந்த வழியில் போடலாம் என்று. பிள்ளைகள் முன்பு படித்த நாட்டின் வழக்கத்தையும் ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும். கொலம்பியாவில் மூன்றரையை 3,5 என்றுதான் எழுதுவார்கள். அந்தக் காற்புள்ளியைக் கவனக்குறைவு என்று அடித்துவிடக் கூடாது.

கலைச்சொற்களை முதலில் மனப்பாடம் செய்ய வைத்துவிட்டுப் பிறகு அறிவியல் நடத்துவது பழைய வழக்கம். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஓகி லீ குழு இதைத் தலைகீழாக்கியது. அவர்கள் வகுத்த ஐந்தாம் வகுப்புப் பாடம், 'நம் குப்பை என்ன ஆகிறது?' என்ற கேள்வியில் தொடங்குகிறது. மதிய உணவில் மிஞ்சிய குப்பையைப் பிள்ளைகள் தரம் பிரிக்கிறார்கள். திறந்த பாட்டிலிலும் மூடிய பாட்டிலிலும் போட்டு வாரக்கணக்கில் கவனிக்கிறார்கள். நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று, தெரிந்த சொற்களிலும் சைகையிலும் படத்திலும் வாதிடுகிறார்கள். 'துகள்', 'வாயு' போன்ற சொற்கள் தேவைப்படும்போது வந்து சேர்கின்றன. பாடமும் மொழியும் சேர்ந்தே வளரும் என்பதையே அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் 2018 அறிக்கையும் வலியுறுத்தியது.

ஆசிரியர் பயிற்சியில் குறை இல்லாமல் இல்லை. பொதுவான போதனை உத்திகளோடு முடிந்துவிடும் பயிற்சிகள் பல. பின்னம் நடத்தும்போது எந்த வாக்கியம் தடுக்கும், விசையைப் பற்றிப் பேசும்போது எது தடுக்கும் என்பதை அந்தந்தப் பாடத்துக்குள் இறங்கித்தான் காட்ட முடியும். அதற்கு மொழி ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து உட்கார்ந்து மாணவர் விடைகளைப் படிக்க வேண்டும். இலக்கணம் உடைந்திருந்தாலும் கருத்து சரியாக இருக்கிற விடை எது, வாக்கியம் அழகாக இருந்தும் அறிவியல் தவறிய விடை எது என்று பிரித்து மதிப்பெண் போட அவர்கள் பழகும்போது, முதல் வகை விடை எழுதிய பிள்ளையிடம் அடுத்து எதைக் கேட்பது என்பதும் தெளிவாகிவிடுகிறது.