பன்னிரண்டு வோல்ட் செய்யும் இரண்டு வேலைகள்

ஒரு கணக்குடன் தொடங்குவோம். டார்ச் விளக்கில் போடும் செல் ஒன்றின் மின்னழுத்தம் 1.5 வோல்ட். எட்டு செல்களை வரிசையாக இணைத்தால் 12 வோல்ட் கிடைக்கும். காரில் இருக்கும் பேட்டரியும் 12 வோல்ட்தான். அப்படியானால் கடையில் எட்டு டார்ச் செல்களை வாங்கி வந்து, பேட்டரி இருக்கும் இடத்தில் இணைத்துக் காரைக் கிளப்பிவிடலாமா?

முடியாது என்று உடனே சொல்வீர்கள். ஏன் முடியாது என்று கேட்டால், "அதில் பவர் இல்லை" என்பது பலருடைய பதிலாக இருக்கும். அது தவறல்ல, ஆனால் விளக்கமும் அல்ல. சரியான விளக்கத்தைத் தேடிப் போனால், பேட்டரி எப்படி வேலை செய்கிறது, ஏன் பழுதாகிறது, அதை எப்படிக் கையாள வேண்டும் என்பவையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிவாகும்.

கண்மாயும் மடையும்

மதுரையை அடுத்த வண்டியூர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். கரையில் ஒரு சிறு துளை இருந்தால் நீர் கசிந்து வரும். அதே ஆழத்தில் இருக்கும் மடையைத் திறந்தால் வாய்க்கால் நிறைந்து ஓடும். இரண்டு இடங்களிலும் நீர்மட்டம் ஒன்றே, அழுத்தமும் ஒன்றே. வெளியேறும் நீரின் அளவு மட்டும் வேறு. துளை நீரைத் தடுக்கிறது. மடை அவ்வளவாகத் தடுப்பதில்லை.

மின்கலத்துக்குள்ளும் இப்படி ஒரு தடை உண்டு. அதற்கு அகமின்தடை என்று பெயர். சாதாரண டார்ச் செல்லின் அகமின்தடை ஏறத்தாழ அரை ஓம் என்று கொள்வோம். எட்டு செல்களுக்கு 4 ஓம். காரின் ஸ்டார்ட்டர் மோட்டார் இயந்திரத்தைச் சுழற்றுவதற்கு 150 ஆம்பியர் போன்ற பெரிய மின்னோட்டத்தைக் கேட்கும். ஆனால் எட்டு செல்களின் இரு முனைகளையும் நேராக இணைத்துவிட்டாலும் 12-ஐ 4-ஆல் வகுக்க வரும் 3 ஆம்பியருக்கு மேல் அவற்றால் தர இயலாது. மோட்டார் அசையவே அசையாது.

கார் பேட்டரியின் அகமின்தடையோ ஓமில் நூறில் ஒரு பங்கு அளவே. நமது கணக்கிற்கு 0.015 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 150 ஆம்பியர் ஓடும்போது உள்ளே இழக்கப்படும் மின்னழுத்தம் 150 × 0.015 = 2.25 வோல்ட். முழுமையாக மின்னேற்றிய பேட்டரியின் 12.6 வோல்ட்டில் இது போக 10.35 வோல்ட் மோட்டாருக்குக் கிடைக்கிறது. இயந்திரம் சுழன்றுவிடும். சாவியைத் திருப்பும் கணத்தில் முகப்பு விளக்கு ஏன் மங்குகிறது என்பதும் இப்போது விளங்கும். அந்த 2.25 வோல்ட் விளக்கிற்கும் கிடைக்காமல் போய்விடுகிறது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

கார் பேட்டரி என்பது ஒரே மின்கலம் அன்று. ஆறு கலங்களின் அடுக்கு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தருகிறது. ஒரு கலத்தில் இருவகைத் தகடுகள் மாறி மாறி நிற்கின்றன. எதிர்முனைத் தகட்டில் பஞ்சுபோல் நுண்துளைகள் நிறைந்த காரீயமும், நேர்முனைத் தகட்டில் காரீய டை ஆக்சைடும் உள்ளன. இவை நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கின்றன. மின்னோட்டம் வெளியே செல்லும்போது இருவகைத் தகடுகளிலும் காரீய சல்பேட்டு உண்டாகிறது. அமிலம் செலவாகி நீர் உண்டாகிறது. மின்னேற்றம் செய்தால் இந்த வினை திரும்பி நடந்து, பழைய பொருள்களே மீண்டும் கிடைக்கின்றன. சாதாரண டார்ச் செல்லில் இப்படித் திருப்ப முடியாது.

இக்கலத்தை 1859-இல் உருவாக்கியவர் பிரெஞ்சு அறிவியலார் காஸ்டன் பிளாந்தே. 1881-இல் காமில் ஃபோர் என்பவர் காரீயச் சேர்மங்களைப் பசைபோலக் குழைத்துத் தகட்டில் அப்பும் முறையைக் கண்டார். இதனால் அமிலத்தைத் தொடும் பரப்பு பெருகியது. அகமின்தடை குறைவாக இருப்பதன் இரகசியம் இதுதான். பல தகடுகள், அவற்றின் நுண்துளைப் பரப்பு, அவற்றிடையே மிகக் குறைந்த இடைவெளி ஆகியவை சேர்ந்து மடையை அகலமாக்கிவிடுகின்றன.

அமிலம் செலவாவதால் கரைசலின் ஒப்படர்த்தி குறைகிறது அல்லவா? மின்னேற்றம் நிறைந்த பேட்டரியில் அது 1.25 முதல் 1.28 வரை இருக்கும், தீர்ந்துபோனதில் 1.12 அளவுக்கு இறங்கிவிடும். பேட்டரிக் கடையில் ரப்பர்க் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயால் கரைசலை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் மிதவையைப் பார்ப்பார்கள். அந்த ஹைட்ரோமீட்டர் அளப்பது இந்த ஒப்படர்த்தியைத்தான்.

ஹாரன் அடிக்கிறது, வண்டி கிளம்பவில்லை

இது அடிக்கடி கேட்கும் புகார். விளக்கு எரிகிறது, ஹாரன் ஒலிக்கிறது, ஆனால் "செல்ஃப் எடுக்கவில்லை." காரணத்தை நீங்களே கணக்கிடலாம். பேட்டரி பலநாள் மின்னேற்றமின்றிக் கிடந்தால் காரீய சல்பேட்டு பெரிய படிகங்களாக இறுகித் தகடுகளை மூடிக்கொள்கிறது. அகமின்தடை 0.015-லிருந்து 0.05 ஓமாக உயர்ந்துவிட்டது என்று கொள்வோம். மேற்கண்ட கணக்கின்படி மோட்டாரின் தடை 0.069 ஓம். இப்போது ஓடக்கூடிய மின்னோட்டம் 12.6 ÷ 0.119, அதாவது ஏறக்குறைய 106 ஆம்பியர். மோட்டாருக்குக் கிடைப்பது 7.3 வோல்ட் மட்டுமே. ஹாரனுக்குச் சில ஆம்பியர் போதும். ஆகவே அது வழக்கம்போல் ஒலிக்கும். மோட்டார் மட்டும் முனகிவிட்டு நின்றுவிடும். வோல்ட்மீட்டரை வைத்துப் பார்த்தாலும் சும்மா இருக்கும் பேட்டரி 12 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடும். அதனால்தான் தேர்ந்த மெக்கானிக், மின்னோட்டம் இழுக்கச் செய்தே பேட்டரியைச் சோதிக்கிறார்.

குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் வினை மந்தமாகி, கார் கிளம்ப மறுக்கும். நமது மதுரைச் சமவெளியில் பேட்டரிக்குப் பகை வெயிலே. வெப்பம் மிகுந்தால் நீர் வேகமாகக் குறைகிறது; தகட்டின் சட்டமும் விரைவாக அரிக்கப்படுகிறது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கொள்ளும் தோராய விதி.

இரண்டாவது வேலை: தீப்பொறி

இயந்திரம் சுழன்றால் மட்டும் போதாது. பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை உருளைக்குள் அமுக்கப்பட்டவுடன் அதைத் தீப்பொறி கொளுத்த வேண்டும். ஸ்பார்க் பிளக்கின் முனைகளுக்கிடையே ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. சாதாரணக் காற்றில் ஒரு மில்லிமீட்டரைப் பொறி தாண்ட ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். காற்று அமுக்கப்பட்டிருந்தால் இன்னும் பல மடங்கு வேண்டும். பேட்டரியோ 12 வோல்ட்தான் தருகிறது. இது எப்படி நடக்கிறது?

1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலே இங்குக் கைகொடுக்கிறது. இக்னிஷன் காயில் என்பது ஓர் இரும்பு உள்ளகத்தின்மேல் சுற்றிய இரண்டு சுருள்கள். முதன்மைச் சுருளில் தடித்த கம்பி சில நூறு சுற்றுகள். துணைச் சுருளில் மயிரிழை போன்ற கம்பி அதைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு சுற்றுகள். முதன்மைச் சுருளின் தடை 3 ஓம் என்றால் அதில் 4 ஆம்பியர் ஓடும். அப்போது இரும்பில் காந்தப்புலம் நிறைகிறது. பொறி இன்னும் வரவில்லை.

மின்னோட்டத்தைத் திடீரென்று துண்டிக்கும்போதுதான் பொறி வருகிறது! மின்னழுத்தம், மின்னோட்டம் மாறும் வேகத்தைப் பொறுத்தது. சுருளின் தூண்டல் எண் 6 மில்லிஹென்றி. 4 ஆம்பியர் மின்னோட்டம் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் சுழியாகிறது என்போம். முதன்மைச் சுருளிலேயே 0.006 × 4 ÷ 0.0001 = 240 வோல்ட் தோன்றும். துணைச் சுருளில் அதன் நூறு மடங்கு, அதாவது 24,000 வோல்ட். இழப்புகள் போனாலும் பொறி தாண்ட இது போதும். மின்விசிறியை நிறுத்தும்போது சுவிட்சுக்குள் சிறு பொறி தெறிப்பதைக் கண்டிருப்பீர்கள். அதுவும் இதே காரணத்தால்தான்.

அப்படியானால் ஒன்றுமில்லாததிலிருந்து ஆற்றல் கிடைத்துவிட்டதா? இல்லை. காந்தப்புலத்தில் தேங்கிய ஆற்றல், தூண்டல் எண்ணில் பாதியை மின்னோட்டத்தின் வர்க்கத்தால் பெருக்க வரும் 0.048 ஜூல். அதற்கு மேல் பொறியில் இருக்க முடியாது. மின்னழுத்தம் உயர்ந்த விகிதத்தில் மின்னோட்டம் குறைந்துவிடுகிறது.

துண்டிப்பது யார்?

2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் காரின் பழைய பெட்ரோல் வகைகளில், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் "பாயின்ட்" எனப்படும் தொடுமுனைகள் இருந்தன. இயந்திரம் சுழலச் சுழல ஒரு புடைப்புத் தண்டு அவற்றைத் திறந்து மூடியது. திறக்கும்போது முனைகளிலேயே பொறி பாய்ந்தால் துண்டிப்பு மெதுவாகிவிடும், முனைகளும் தீய்ந்துபோகும். அதைத் தடுக்கவே சிறிய மின்தேக்கி ஒன்று குறுக்கே இணைக்கப்பட்டது. மெக்கானிக்குகள் "கண்டென்சர் போய்விட்டது" என்பார்களே, அது இதுதான்.

நான்கு உருளைகள் கொண்ட நான்கு வீச்சு இயந்திரம் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுழன்றால் நொடிக்கு 100 பொறிகள் வேண்டும். ஒரு பொறிக்கு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம். அதிலும் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு நேரமே முனைகள் மூடியிருக்கும். அதற்குள் மின்னோட்டம் ஏறத்தாழ முழு அளவை எட்டிவிடுகிறது. வேகம் 6,000 சுற்றானால் நேரம் பாதியாகிறது. மின்னோட்டம் 4 ஆம்பியருக்குப் பதில் 3.1 ஆம்பியரை மட்டுமே எட்டும். ஆற்றல் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது அல்லவா? பொறியின் ஆற்றல் ஐந்தில் மூன்று பங்காக இறங்கிவிடும். தேய்மானமில்லாத டிரான்சிஸ்டர் இன்று பாயின்ட்டின் இடத்தைப் பிடித்திருப்பதற்கும், பல கார்களில் ஒவ்வொரு பிளக்கிற்கும் தனிக் காயில் இருப்பதற்கும் இது ஒரு காரணமாகும்.

பேட்டரியையும் காயிலையும் இணைத்த இந்த ஏற்பாட்டை 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செம்மைப்படுத்தியவர் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங். மின்சார ஸ்டார்ட்டரும் அவர் முயற்சியே. 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் காரில் அது வந்தது. அதற்கு முன் கைப்பிடியைச் செருகிச் சுழற்றித்தான் காரைக் கிளப்ப வேண்டும். கைப்பிடி திருப்பி அடித்துக் கை முறிந்தவர்கள் பலர்.

ஏறத்தாழ அதே காலத்தில், 1911-இல், டி.வி. சுந்தரம் அய்யங்கார் மதுரையில் மோட்டார்த் தொழிலைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது அவரது நிறுவனம் கரிவாயுக் கலன்களைத் தயாரித்துப் பேருந்துகளை ஓட்ட உதவியது. எரிபொருள் மாறினாலும் அதைக் கொளுத்தும் மின்பொறி மாறவில்லை. பின்னர் 1961-இல் சென்னைப் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். தோன்றி, ஸ்டார்ட்டர் மோட்டார் முதலிய மின்கருவிகள் தமிழ்நாட்டிலேயே உருவாயின. பேட்டரி பற்றிய ஆய்வுக்கும் நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வுக்கழகம் அத்துறையில் பணியாற்றி வருகிறது.

இங்கே ஒரு கேள்வி. மாட்டுத்தாவணியிலிருந்து புறப்படும் டீசல் பேருந்தில் ஸ்பார்க் பிளக் எங்கே இருக்கும்? எங்கும் இருக்காது! அதில் காற்று மிகவும் அமுக்கப்பட்டு 500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகிறது. அதில் பீய்ச்சும் டீசல் தானே தீப்பற்றும். ஆனால் அவ்வளவு அமுக்கத்தை எதிர்த்து இயந்திரத்தைச் சுழற்ற வலிமையான மோட்டார் வேண்டும். அதற்காக இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையாக இணைத்து 24 வோல்ட் பெறுகிறார்கள்.

கவனிக்க வேண்டியவை

மின்னேற்றம் மிகும்போது நீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளிவருகின்றன. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பற்றும். இருட்டில் நீர்மட்டம் பார்க்கத் தீக்குச்சி கிழிப்பவர்கள் உண்டு. பேட்டரி வெடித்து அமிலம் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். டார்ச் விளக்கையே பயன்படுத்துங்கள். அமிலம் பட்டுவிட்டால் உடனே ஏராளமான தண்ணீரால் நெடுநேரம் கழுவி, மருத்துவரிடம் செல்லுங்கள். குறைந்த நீருக்கு ஈடாகக் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய் நீரில் உள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். 12 வோல்ட் உங்களைத் தாக்காது. ஆனால் அதன் முனைகளுக்குக் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தால் பல நூறு ஆம்பியர் ஓடி, ஸ்பேனர் பழுக்கக் காய்ந்துவிடும்.

எல்லாவற்றினும் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. ஒரு பேட்டரியின் எடையில் பெரும்பகுதி காரீயம். அது உடலில் சேர்ந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவுக்குள் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் காரீயத்துக்கு இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பழைய பேட்டரியைத் திறந்தவெளியில் உடைத்துக் காரீயத்தை உருக்கினால், அதன் தூசு மண்ணிலும் நீரிலும் வீட்டுத் தரையிலும் படிகிறது. அமிலத்தைச் சாக்கடையில் கொட்டினால் அதோடு காரீயமும் போகிறது. முறையான ஆலையிலோ அதே காரீயத்தைப் பாதுகாப்பாக எடுத்துப் புதிய பேட்டரி செய்ய முடிகிறது. இந்தியாவில் இதற்கென 2001-இல் விதிகள் வந்தன. 2022-இல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்துள்ளன. ஆகவே உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரியோ வண்டிப் பேட்டரியோ மாற்றப்படும்போது, பழையதைத் தெருவில் வருபவரிடம் போடாமல், புதியதை விற்கும் கடையிலேயே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. ஒரு டார்ச் செல்லில் ஒரு சிறு பல்பை எரியவிட்டு, அதற்கு இணையாக இரண்டாவது, மூன்றாவது பல்புகளைச் சேருங்கள். முதல் பல்பின் ஒளி என்னவாகிறது? புதிய செல்லிலும் பழைய செல்லிலும் செய்து பார்த்து, வேறுபாட்டுக்குக் காரணம் எழுதுங்கள். டார்ச் செல்லில் மட்டும் செய்யுங்கள். கார் பேட்டரியில் வேண்டாம்!