பத்ருக்குச் செல்லாதவரின் பங்கு

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு (கி.பி. 624) ரமளானில் முஸ்லிம்கள் பத்ர் நோக்கிப் புறப்பட்டபோது உஸ்மான் (ரலி) அவர்கள் மதீனாவிலேயே தங்கினார்கள். அவர்களின் துணைவியாரும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமகளாருமான ருகையா (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தார்கள். உடனிருந்து கவனிக்குமாறு பணித்தவர்கள் நபிகளார்தாம். வெற்றிச் செய்தி மதீனாவை எட்டியபோது ருகையா (ரலி) மறைந்திருந்தார்கள். ஆயினும், களத்தில் நின்றோருக்குரிய நற்கூலியும் போர்ப்பொருளில் பங்கும் உஸ்மானுக்கு உண்டென நபிகளார் அறிவித்ததை ஸஹீஹுல் புகாரி பதிவு செய்கிறது. இன்றைய அலுவலக மொழியில் சொல்வதாயின், அது ஊதியத்தோடு கூடிய விடுப்பு.

பின்வந்த சட்ட அறிஞர்கள் இதே திசையில் நுட்பமாகச் சிந்தித்தனர். இமாம் நவவீ (மறைவு கி.பி. 1277) தம் மின்ஹாஜில் ஜும்ஆ, ஜமாஅத் தொழுகைகளுக்கு வராதிருக்க அனுமதிக்கும் காரணங்களை வரிசைப்படுத்துகையில், கவனிப்பார் இல்லாத நோயாளியோடு இருப்பதை ஒன்றாகச் சேர்க்கிறார். கவனிக்க வேறொருவர் இருந்தாலும், அருகிருப்பதால் நோயாளி ஆறுதலடைவாரெனில் அதுவும் காரணமே என்கிறார். மருந்து கொடுப்பது மட்டுமன்று, அருகிருப்பதே ஒரு பணி என்னும் இவ்வறிவு, இன்றைய விடுப்பு விதிகள் பலவற்றில் இல்லை.

நம் நாட்டில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம், காப்பீடு பெற்ற தொழிலாளியே புற்றுநோய்க்கு ஆளானால் நீண்டகால நோயுதவித் தொகை தருகிறது. அவருடைய மனைவி நோயுற்றால் மனைவிக்கு மருத்துவம் கிடைக்கும், துணையிருக்கும் தொழிலாளியின் இழந்த கூலிக்கு ஈடு கிடையாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் இத்தகையதே. மருத்துவமனைச் செலவை ஏற்கும், நடவுக்குப் போகாத நாளின் கூலியை ஏற்காது. கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களின் சபுராளிகளுக்கு வேறுவகைச் சிக்கல். ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி ஓராண்டு பணி முடித்தவருக்கு ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு. சிகிச்சையோ பல மாதங்கள் நீளும்.

எனவே, இருக்கும் நாள்களை எங்கே செலவிடுவது என்பதே பெரிய கேள்வி. கீமோதெரபி பல மருந்துத் திட்டங்களில் 21 நாளுக்கு ஒருமுறை தரப்படுகிறது. ஆறு சுற்று எனில், முதல் சுற்றுக்கும் ஆறாவதற்கும் இடையே 105 நாள்கள். டெல்டா உழவருக்கு இக்கணக்கை விளக்க வேண்டியதில்லை. ஆடுதுறை 37 என்னும் குறுவை நெல்லின் வயதும் அதுவே. நாற்றின் வயதறிந்து ஆளைத் திட்டமிடும் அதே முறையில் இங்கும் திட்டமிடலாம்.

மருந்தேற்றும் நாளில் மட்டும் விடுப்பெடுத்துவிட்டு மறுநாளே வேலைக்குத் திரும்புவோர் பலர். அன்று நோயாளி மருத்துவர், செவிலியர் கண்காணிப்பில் இருக்கிறார். உறவினர் ஒருவர் உடன் சென்றால் போதும். அடுத்த சில நாள்கள் குமட்டலும் சோர்வும் இருக்கும். ஆபத்து மிகுந்த காலமோ பெரும்பாலும் ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடைப்பட்டது. இரத்த வெள்ளணுக்கள் அப்போதுதான் மிகவும் குறைகின்றன. காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நள்ளிரவாயினும் மாத்திரை கொடுத்துக் காத்திராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். வண்டியும் துணையும் ஆயத்தமாக இருக்க வேண்டிய வாரம் அது. விடுப்பில் ஒரு பகுதியை அதற்கென ஒதுக்குவதே அறிவுடைமை. நலம் விசாரிக்க வரும் உறவினர் கூட்டம் அந்த வாரத்தைத் தவிர்ப்பதும் நோயாளிக்குச் செய்யும் உதவியே.

கதிர்வீச்சுச் சிகிச்சையின் ஒழுங்கு வேறு. பல நோய்களுக்கு வாரத்தில் ஐந்து நாள் என ஐந்தாறு வாரம் நீளும். ஒவ்வொரு நாளும் சில நிமிடமே. அதற்காகச் சென்னை சென்று தங்குவோர் பலருக்கு அடையாறு புற்றுநோய் நிலையமே புகலிடம். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரின் உந்துதலால் பாடுபட்டு 1954இல் தொடங்கியது அது. ஐந்தாறு வாரமும் ஒருவரே துணையிருக்க இயலாது. முதல் வாரம் மகன், அடுத்தது மருமகள், பிறகு அண்டை வீட்டார் என முறை வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது. கைபேசி வழியாகப் பணம் அனுப்புவது, பரிசோதனை முடிவுகளைத் திரட்டிக் கோப்பில் வைப்பது, மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை எழுதி அனுப்புவது ஆகியவை துபாயிலிருந்தும் செய்யக்கூடியவை.

நம் ஜமாஅத்துகளின் பைத்துல்மால் மருந்துச் செலவுக்குக் கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. துணையிருப்பவரின் கூலி நின்றுபோன குடும்பம் என்ன உண்கிறது என்று விசாரிக்கும் வழக்கம்தான் குறைவு. விண்ணப்பப் படிவத்தில் அதற்கும் ஒரு வரி சேர்க்கலாம். இரயில்வே இதில் முந்திக்கொண்டிருக்கிறது: சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பில் முழுக் கட்டணச் சலுகை, உடன்செல்லும் ஒருவருக்கு 75 விழுக்காடு. மருத்துவமனையின் சான்றிதழைப் பெற்றுக்கொண்டு பயணச்சீட்டு முகப்பில் கேட்டுப் பெற வேண்டும்.