திரையில் பல மொழிகள் – 9: ஒரே இருக்கையில் இரண்டு எழுத்து

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவர்களுக்கு நினைவிருக்கும். ‘கொ’ வர வேண்டுமானால் என், எஃப், எச் என்று மூன்று விசைகளைத் தட்ட வேண்டும். முதலில் கொம்பு, அடுத்து ‘க’, கடைசியில் கால். கண்ணுக்கு எந்த வரிசையில் தெரிகிறதோ அதே வரிசையில்தான் கணினிக்குள்ளும் போகும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கல். தமிழ் இணையதளங்கள் பலவும் ‘முதலில் எங்கள் எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள்’ என்று வாசலிலேயே நிறுத்திவைத்த காலம் அது. பிறகு யூனிகோடு பரவியது; 2010இல் தமிழக அரசும் அதை ஏற்று ஆணையிட்டது. நமக்கு எரிச்சலோடு போன விஷயம், பர்மியர்களுக்கு அப்படிப் போகவில்லை.

பர்மிய எழுத்திலும் ஒரு கொம்பு உண்டு. நம்முடையதைப் போலவே எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும், உச்சரிப்பில் பின்னால் வரும். யூனிகோடு விதிப்படி எழுத்து முதலில், கொம்பு பிறகு. 2007 வாக்கில் பரவத் தொடங்கிய ஸாஜி என்ற எழுத்துருவோ பாமினியின் வழியில் போயிற்று: கொம்பு முன்னால். அதோடு நின்றிருந்தால் சமாளித்திருக்கலாம். யூனிகோடில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. முன்பதிவு செய்த இருக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாமினி உட்கார்ந்தது ஆங்கில எழுத்துகளின் இருக்கையில். அதனால் தப்பு நடந்தால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். ஸாஜி உட்கார்ந்ததோ யூனிகோடு பர்மிய எழுத்துகளுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்த இருக்கைகளில். அதே எண்கள்; பல இடங்களில் வேறு எழுத்து. மியான்மரின் சிறுபான்மை மொழிகளான ஷான், மோன், கரேன் ஆகியவற்றின் இருக்கைகளையும் அது விடவில்லை. ஒரே பர்மியக் குறியின் அகல வடிவம், குறுகிய வடிவம் என்று அங்கே ஆளை உட்கார வைத்துவிட்டது.

விளைவு, ஒரு பதிவு யூனிகோடா ஸாஜியா என்பது கணினிக்கு முன்கூட்டித் தெரியாது. இரண்டும் ‘பர்மியம்’ என்றே அடையாளம் சொல்லும். ஒன்றில் எழுதியது மற்றதில் குளறுபடியாகத் தெரியும். ஒரு சொல்லைத் தேடினால் பாதிதான் சிக்கும். சிறுபான்மை மொழிக்காரர்களுக்கு இன்னும் மோசம். ஸாஜிக் கைப்பேசியில் தங்கள் மொழியைப் படிக்கவே வழியில்லை.

ஸாஜியைச் செய்தவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பர்மிய யூனிகோடு ஒழுங்கான வடிவத்துக்கு வந்ததே 2008இல், 5.1ஆம் பதிப்பில்தான். அதைச் சரியாகக் காட்டும் திறன் அன்றைய கணினிகளில் அநேகமாக இல்லை. ஸாஜியை நிறுவினால் எழுத்து உடனே தெரிந்தது. சாதாரண மனிதர் வேறு எதைத் தேர்ந்தெடுப்பார்?

2014இல் வெளிநாட்டுத் தொலைபேசி நிறுவனங்கள் இரண்டு, டெலினாரும் ஊரிடூவும், மியான்மரில் கடை திறந்தன. ஒரு காலத்தில் ஆயிரம் டாலருக்கு மேல் விற்ற சிம் அட்டை 1,500 சாட்டுக்கு, அதாவது ஒன்றரை டாலர் அளவுக்குக் கிடைத்தது. மின்னஞ்சல் என்றால் என்னவென்று அறியாதவர்கள் நேராக ஃபேஸ்புக்குக்குள் வந்தார்கள். கைப்பேசிக் கடைக்காரரே கணக்கைத் திறந்து கொடுத்தார். கைப்பேசியில் ஸாஜி ஏற்கெனவே இருந்தது. 2018 வாக்கில் ஏறத்தாழ 1.8 கோடிப் பேர் அங்கே ஃபேஸ்புக்கில் இருந்தார்கள். அவர்களுக்கு இணையம் என்றாலே அதுதான்.

இத்தனை பேர் எழுதுவதைப் படிக்க எத்தனை பேர்? 2015 தொடக்கத்தில், புகாருக்குள்ளான பர்மியப் பதிவுகளைப் பரிசீலிக்க ஃபேஸ்புக்கில் பர்மிய மொழி தெரிந்தவர்கள் இரண்டே பேர் என்று ராய்ட்டர்ஸ் பின்னாளில் வெளிக்கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆண்டே எச்சரிக்கை மணி அடித்தாகிவிட்டது. 2014 ஜூலையில், பாலியல் வன்முறை நடந்ததாக ஃபேஸ்புக்கில் பரவிய ஒரு பொய்ச் செய்தியால் மாண்டலேயில் கலவரம் மூண்டு இரண்டு பேர் இறந்திருந்தார்கள்.

இயந்திரம் கைகொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். கண்ணில் படும் முஸ்லிம்களை எல்லாம் கொல்லுங்கள், ஒருவரையும் விட்டுவைக்காதீர்கள் என்று வசைச்சொல்லோடு எழுதிய ஒரு பர்மியப் பதிவை ஃபேஸ்புக்கின் மொழிபெயர்ப்பு என்னவாக்கியது தெரியுமா? மியான்மரில் எனக்கு வானவில் இருக்கக் கூடாது என்று! 2018 ஆகஸ்டில் ராய்ட்டர்ஸ் இதை அச்சிட்டதும் பர்மிய மொழிபெயர்ப்பு வசதியையே எடுத்துவிட்டார்கள். எழுத்துக் குழப்பம் ஒன்றே காரணம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் ஒரே சொல்லை இரண்டு மூன்று விதமாகச் சேமித்துவைத்திருக்கும் மொழியில் இயந்திரத்துக்குப் பாடம் எடுப்பது எத்தனை சிரமம் என்பது விளங்கும்.

அந்த வசைச்சொல் ‘கலா’. இந்திய வம்சாவளியினரையும் முஸ்லிம்களையும் குறிப்பது. அங்கே தலைமுறைகளாக வாழும் தமிழர்களும் அதைக் கேட்டே வளர்ந்தவர்கள். 2017இல் ஃபேஸ்புக் அந்தச் சொல்லைக் களையெடுக்கக் கிளம்பியது. ஆனால் பர்மியத்தில் நாற்காலி, ஒட்டகம், கொண்டைக்கடலை எல்லாவற்றின் பெயரிலும் ‘கலா’ உண்டு. அந்தச் சொல்லைப் பற்றி விவாதித்தவர்களின் பதிவுகள்கூடப் பறிபோயின. சூழலைப் புரிந்து நடைமுறைப்படுத்துவதில் தடுமாறினோம் என்று நிறுவனமே அந்த ஜூன் மாதம் எழுதியது. பர்மியம் பேசும் யாரும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், கேட்டிருந்தால்.

இரண்டு மாதம் கழித்து, 2017 ஆகஸ்டில், ராணுவம் ராக்கைன் மாநிலத்தில் இறங்கியது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யா முஸ்லிம்கள் படுகொலைக்குத் தப்பி வங்கதேசத்துக்கு ஓடினார்கள். அடுத்த மாதம் ஃபேஸ்புக்கின் மெசெஞ்சரில் இரண்டு சங்கிலிச் செய்திகள் பரவின. முஸ்லிம்கள் தாக்கப்போகிறார்கள் என்று பௌத்தர்களுக்கு ஒன்று, பௌத்தர்கள் தாக்கப்போகிறார்கள் என்று முஸ்லிம்களுக்கு இன்னொன்று. எங்கள் அமைப்புகள் இதைக் கண்டுபிடித்து நிறுத்தின என்று 2018 ஏப்ரலில் மார்க் ஸக்கர்பெர்க் ஒரு பேட்டியில் சொன்னார். மியான்மரின் ஆறு குடிமை அமைப்புகள் உடனே பகிரங்கக் கடிதம் எழுதின: கண்டுபிடித்தது உங்கள் இயந்திரமல்ல, நாங்கள்; அதுவும் செய்தி பரவி முடிந்த பிறகு. ஸக்கர்பெர்க் மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார்.

அதற்குப் பிறகு வேலைகள் மளமளவென நடந்தன. எனக்குக் கோபம் வருவதே அந்த வேகத்தைப் பார்த்துத்தான். 2018 நவம்பருக்குள் பர்மியத் தாய்மொழிக்காரர்கள் 99 பேர் பரிசீலனைப் பணியில் இருந்தார்கள். ஃபேஸ்புக்கில் புதிதாகச் சேர்பவர்கள் ஸாஜி இடைமுகத்தைத் தேர்ந்தெடுக்க முடியாதபடி செய்தார்கள். எழுதியது எந்த வகையாயினும் படிப்பவரின் கைப்பேசிக்கு ஏற்ப மாற்றிக்காட்டும் கருவியைச் சேர்த்தார்கள். இரண்டையும் பிரித்தறியும் நிரலை கூகுள் இலவசமாக வெளியிட்டது. 2019 அக்டோபர் 1ஆம் தேதியை யூனிகோடுக்கு மாறும் நாளாக மியான்மர் அறிவித்தது. ஆக, செய்ய முடியாத வேலை எதுவும் இதில் இல்லை. 2014இலேயே செய்திருந்தால் படுகொலை நின்றிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். துப்பாக்கி ராணுவத்தின் கையில் இருந்தது. அதன் தலைவர் மின் ஆங் லைங்கின் ஃபேஸ்புக் கணக்குகூட 2018 ஆகஸ்டில், அந்தப் படுகொலையை விசாரித்த ஐ.நா. குழு அறிக்கை தந்த அன்றுதான் நீக்கப்பட்டது.

ஒரு மொழியில் விளம்பரம் விற்க எழுத்து திரையில் தெரிந்தால் போதும். அந்த மொழியில் மிரட்டலைப் பிடிக்க, படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். முதலாவது என்றைக்குத் தயார் என்று நிறுவனங்கள் விழா எடுத்துச் சொல்கின்றன. இரண்டாவதைச் சொல்ல வைக்கச் சட்டம் தேவைப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்மச் சேவைகள் சட்டப்படி, பெரிய தளங்கள் தங்கள் பரிசீலகர்களின் எண்ணிக்கையை மொழிவாரியாக வெளியிட வேண்டும். ஒன்றியத்தின் 24 அலுவல் மொழிகளுக்கு மட்டும். ஆறு லட்சம் பேர்கூட இல்லாத மால்டாவின் மொழிக்குக் கணக்கு உண்டு. பர்மியத்துக்கு இல்லை, தமிழுக்கும் இல்லை.

எத்தியோப்பியாவின் அம்ஹாரிக், திக்ரின்யா, ஒரோமோ பதிவுகளைக் கென்யாவின் நைரோபியில் உட்கார்ந்து படித்தவர்கள் நீதிமன்றம் போன கதை அடுத்த வாரம்.

(தொடரும்)