கயிறு பிடிக்கும் கை

குடும்பம் ஏன் மாறுகிறது என்பதை விளங்கிக்கொள்ள, முத்துக்குளித்துறையின் பழைய வழக்கம் ஒன்று நமக்குத் துணை செய்யும்.

தூத்துக்குடிக் கடலில் சலாபம் நடந்த நாளில், குளியாள் கல் கட்டிய கயிற்றில் காலூன்றி ஏழெட்டுப் பாக ஆழத்திற்கு இறங்குவான். ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பிகளைச் சேர்ப்பான். அவன் கயிற்றை அசைத்ததும் தோணியில் இருப்பவன் மேலே இழுத்தல் வேண்டும். சற்றுத் தாமதித்தாலும் உயிருக்கு இறுதி. ஆதலின், மனைவியின் உடன்பிறந்தானிடமே கயிற்றை ஒப்படைப்பர் என்று கடற்கரையில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கை தளர்ந்தால் கைம்மை அடைபவள் அவன் உடன்பிறந்தாள் அல்லவா? மலைத்தேன் எடுப்போரிடையேயும் இவ்வழக்கம் உண்டு. ‘மலை ஏறினாலும் மச்சான் தயவு வேண்டும்’ என்னும் பழமொழியை இதனோடு சேர்த்து எண்ணலாம்.

இங்கு உறவு என்பது பாசம் மட்டும் அன்று, உயிர்க்காப்பும் ஆகும். காப்புறுதிச் சங்கமும் மருத்துவமனையும் இல்லாத காலத்தில் அவற்றின் வேலையைக் குடும்பமே செய்தது.

ஆயினும் அக்காலத்தை முற்றும் பொற்காலம் என்று புகழ்வது பொருந்தாது. இரு ஆடவரையும் பிணைத்த அப்பெண்ணின் கைம்மை அச்சமே அந்த உறுதிக்குப் பிணையாக நின்றது. கணவனை இழந்தால் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலை அவளுடையது.

1955 முதல் நடைபெற்ற சலாபம் 1961உடன் நின்றது. 1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகம் ஆயிற்று. விசைப்படகுகள் பெருகின, அனல்மின் நிலையமும் உரத் தொழிற்சாலையும் எழுந்தன. ஒரே தோணியில் உழைத்த உறவினர் வெவ்வேறு இடங்களில் கூலியும் சம்பளமும் பெறலாயினர். மகளும் படித்து வேலைக்குச் சென்றாள். தொழில் பிரிந்தவுடன் அடுப்பும் பிரிந்தது. இதனை இளைஞரின் நன்றியின்மை என்று மட்டும் கூறுதல் முறையாகாது.

ஆனால் ஆழத்தில் இருப்போர் இன்றும் உளர். முதியோர், நோயாளர், பிள்ளைகள் ஆகியோர் அவர்கள். பெற்றோரைப் பேணும் பொறுப்பை வலியுறுத்த 2007இல் நடுவண் அரசு சட்டமே இயற்ற நேர்ந்தது. சட்டம் பொருளுதவியைப் பெற்றுத் தரலாம். கயிறு அசைவதை உணரும் கவனத்தை அது தர இயலாது.

குடும்பத்துக்கு ஒரே வடிவந்தான் உண்டு என்னும் எண்ணம் இன்று தளர்ந்துள்ளது. மாணவர்களே, கூட்டுக் குடும்பமா, தனிக் குடும்பமா என்று வழக்காடுவதைக் காட்டிலும், நம் வீட்டில் யாருடைய கயிறு யார் கையில் இருக்கிறது என்று கேட்டுப் பார்ப்பது நன்று. அக்கை மைத்துனனுடையதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. மகளுடையதாகவோ, அண்டை வீட்டாருடையதாகவோ, அரசுடையதாகவோ இருக்கலாம். ஆனால் பிடிக்க ஒரு கை இருந்தே ஆக வேண்டும்.