தங்கை கற்றுத் தந்த கணக்கு

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். பிறந்தது அரியலூர், வாழ்க்கைப்பட்டது பெரம்பலூர். என் தங்கையைப் பற்றி நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

தங்கை பி.காம். முடித்ததும் அரியலூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கெழுதும் வேலைக்குச் சேர்ந்தாள். சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர்கள், ஜவுளிக்கடைக்காரர்கள் என்று பலருடைய வரவு செலவும் அவள் கையில்தான். ஆறு வருஷம் கழித்து, 2018-ல், "அக்கா, செலவாகிப்போன பணத்துக்குத்தான் இதுவரைக்கும் கணக்கு எழுதுறேன். இனிமே சேர்க்கிற பணத்துக்கு வழி சொல்ற வேலைக்குப் போகப்போறேன்" என்றாள். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் வேலை!

"ஊரான் பணம் நமக்கு எதுக்கு? கணக்கு எழுதுறதே கௌரவம்" என்று அப்பா ஒரே பிடியாக நின்றார். அவர் பயத்துக்குக் காரணம் நான்தான். 2016-ல் மாதம் நூற்றுக்கு மூணு ரூபாய் வட்டி என்று சொன்ன ஒரு கம்பெனியில், வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வளையலை அடகு வைத்து 60,000 ரூபாய் போட்டேன். நாலு மாதம் வட்டி வந்தது. ஐந்தாம் மாதம் போனால் கதவில் பூட்டு தொங்கியது.

அன்றைக்கு நான் அழுதபோது தங்கை கேட்டது ஒரே கேள்விதான். "மாசம் மூணுன்னா வருஷத்துக்கு முப்பத்தாறு. உனக்கு அவ்வளவு குடுக்க அவன் அதுக்கு மேல சம்பாதிக்கணுமே, எந்த வியாபாரத்துலன்னு கேட்டியாக்கா?" நான் கேட்கவில்லை. என்னைப் போல் கேட்காதவர்களுக்காகத்தான் இந்த வேலை என்றாள்.

"பொம்பளைப் பிள்ளைக்கு ஷேர் மார்க்கெட்டா?" என்று அப்பா அடுத்த அஸ்திரத்தை எடுத்தார். "1933-லேயே கணக்காளர் பரீட்சை பாஸ் பண்ணின ஆர். சிவபோகம் நம்ம தமிழ்நாட்டுப் பெண்தாம்ப்பா. 2001-ல பம்பாய் பங்குச் சந்தைக்கே தலைவரான தீனா மேத்தாவும் ஆடிட்டர் படிப்பு படிச்சவங்கதான்" என்றாள். அப்பா பேசாமல் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்.

இதற்கு என்.ஐ.எஸ்.எம். நடத்தும் பரீட்சை இருக்கிறது. அது செபி ஏற்படுத்திய பயிற்சி நிறுவனம். இரண்டு மணி நேரம், 100 கேள்வி, 50 மார்க் எடுத்தால் பாஸ். சான்றிதழ் மூன்று வருஷத்துக்குத்தான் செல்லும். பாஸ் செய்த பிறகு ஆம்ஃபியில் பதிந்து ஏ.ஆர்.என். என்ற எண்ணை வாங்க வேண்டும். "கணக்குப் படிச்சவளுக்குப் பாதி பாடம் தெரிஞ்சதுதான். நாளைக்கு என்ன ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னு ஒத்துக்கறதுதான் மீதிப் பாதி" என்பாள். ஆடிட்டர் ஆபீஸ் வேலையை விடாமலே ராத்திரியில் படித்து, திருச்சிக்குப் போய் எழுதி வந்தாள்.

முதல் ஆறு மாதத்தில் சேர்ந்தது மூன்றே பேர். அதில் ஒருத்தி நான், மாதம் 500 ரூபாய். "பணத்தை என் கையில குடுக்காதே. உன் பேங்க் கணக்குலேர்ந்து நேரா ஃபண்டுக்குப் போகணும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். ஃபண்ட் கம்பெனி தனக்குக் கமிஷன் தருவதையும் மறைக்கவில்லை. விநியோகஸ்தர் இல்லாமலே போடுவதற்கு 2013 முதல் டைரக்ட் பிளான் இருப்பதையும் அவளே சொன்னாள். "இப்படிச் சொன்னா உனக்கு எவ வருவா?" என்று சிரித்தேன்.

அடுத்த வருஷம் கொரோனா வந்தது. 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் ஏறக்குறைய 4,000 புள்ளி விழுந்தது. நான் போட்ட 7,000 ரூபாய் 5,000 சொச்சமாகி நின்றது. எனக்குப் பழைய பூட்டுதான் கண்முன் வந்தது. அவளிடம் பணம் போட்டிருந்த ஒரு டீச்சர் அவளைப் போனில் கண்டபடி திட்டித் தீர்த்தார். தங்கை ஓடி ஒளியவில்லை. ஒவ்வொருவரையும் தானே கூப்பிட்டாள். "விலை இறங்கியிருக்கு, உங்க யூனிட் அப்படியேதான் இருக்கு. எப்ப ஏறும்னு எனக்குத் தெரியாது. சீக்கிரம் தேவைப்படற பணத்தை இதுல போடாதீங்கன்னு அதுக்குத்தான் முதல்லயே சொன்னேன்" என்றாள்.

அந்த வருஷக் கடைசிக்குள் சந்தை மீண்டது. மீளாமல் போயிருந்தாலும் அவள் எங்களிடம் பொய் சொல்லவில்லை என்ற நிம்மதி இருந்திருக்கும். திட்டிய டீச்சரே பிறகு இரண்டு பேரைக் கூட்டி வந்தார். வருமானம் நிலைத்த பிறகு, 2022-ல்தான் ஆடிட்டர் ஆபீஸ் வேலையை விட்டாள். இன்று பெரம்பலூர் பக்கத்து வெங்காயம், பருத்தி விவசாய வீட்டுப் பெண்கள்கூட அவளிடம் வந்து யோசனை கேட்கிறார்கள். "மாசாமாசம் எவ்வளவு நிச்சயமா வரும்?" என்று கேட்பவர்களிடம், "நிச்சயம்னு சொல்றவங்ககிட்ட ஜாக்கிரதையா இருங்க" என்கிறாள்.

வளையல் விஷயத்தை என் வீட்டுக்காரரிடம் சொல்ல வைத்ததும் அவள்தான். "மறைச்சா அது கணக்கே இல்லக்கா" என்றாள். சொன்னேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தவர், மூன்றாம் நாள், "அடுத்த தடவை ரெண்டு பேரும் சேர்ந்து போய்க் கேட்போம்" என்றார்.

தோழிகளே, பி.காம். படித்துவிட்டு வீட்டிலிருக்கும் பெண்கள் இந்த வேலையையும் யோசித்துப் பாருங்கள். நம்மைப் போல் படிக்காதவர்களோ, பணம் போடுமுன் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "இந்தப் பணம் எங்கிருந்து வருது?"

- ஒரு வாசகி, பெரம்பலூர்