பழைய கணக்கும் மேலூர்ச் சங்கிலியும்

வரவு செலவு என்றால் எனக்குப் பால் நோட்டும் மளிகை நோட்டும்தான். என் வீட்டுக்காரர் அப்படியில்லை. ஐந்து ரூபாய் செலவானாலும் கம்ப்யூட்டரில் 'மைக்ரோசாஃப்ட் மணி' மென்பொருளில் ஏற்றினால்தான் தூக்கம் வரும். 2009 ஜூன் 30-ஆம் தேதியோடு அதன் விற்பனையை கம்பெனியே நிறுத்திவிட்டது. இவர் விட்டால்தானே! கடைசியில் கம்ப்யூட்டரே மூச்சு வாங்க ஆரம்பித்தபோதுதான், "எல்லாத்தையும் எக்ஸெல்லுக்கு மாத்திடுவோம்" என்றார். மாற்றியது நானும் மகளும்!

மணியில் 'ஃபைல்' மெனுவில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்தால், ஒவ்வொரு கணக்கும் தனித்தனியாக 'க்யூஐஎஃப்' கோப்பாக வரும். எக்ஸெல்லில் அது நேராகக் கட்டம் கட்டமாக உட்காராது. 'க்னூகேஷ்' என்ற இலவச மென்பொருளில் ஏற்றி, அங்கிருந்து 'சிஎஸ்வி' கோப்பாக எடுத்தோம். பாங்கியிலிருந்து வீட்டுச் செலவுக்கு எடுத்த பணம் இரண்டு கணக்கிலும் இருக்கும். இரண்டு தரம் கூட்டிவிடாதீர்கள்.

எல்லாம் சரி, தேதியில்தான் வந்தது வினை.

மாடி கட்டும்போது மேலூர் நாத்தனார் தன் சங்கிலியை அடகு வைக்கக் கொடுத்திருந்தாள். 2012 ஏப்ரலில் அவள் மகளுக்குச் சடங்கு. "அன்னிக்கு வெறுங்கழுத்தோட நின்னேன் மதினி" என்று இன்றைக்கும் குத்திக் காட்டுவாள். முன்னாடியே திருப்பிக் கொடுத்தோம் என்று நானும் சாதிப்பேன். எக்ஸெல்லில் பார்த்தால், நகை மீட்டது மே 3! இத்தனை வருஷமாக நானா பொய் சொன்னேன்? அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் மகள்தான் கவனித்தாள். "சில தேதி வலது ஓரமா இருக்கு, சிலது இடது பக்கம் ஒட்டிக்கிட்டிருக்கே, ஏம்மா?" எங்கள் எக்ஸெல் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் படித்திருக்கிறது. 05/03 என்ற மார்ச் 5, மே 3 ஆகிவிட்டது. 12-க்கு மேற்பட்ட நாள் என்றால் அப்படி ஒரு மாதமே கிடையாதே! அதனால் அதை வெறும் எழுத்தாக இடது பக்கம் விட்டுவிட்டது. பாஸ்புக்கைத் தேடி எடுத்துப் பார்த்தேன். மார்ச் 5-தான்.

ஆகவே, கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். எக்ஸெல்லில் 'டேட்டா' பகுதி வழியாகக் கொண்டு வாருங்கள். 'லிப்ரே ஆபீஸ்' என்றால் திறக்கும்போதே ஒரு பெட்டி வரும். அதில் தேதி வரிசையைத் தொட்டு, நாள்-மாதம்-வருஷம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு கடைசி இருப்பை பாஸ்புக்கோடு ஒப்பிடுங்கள். அது ஒத்துப்போனாலும் தேதி தப்பாக இருக்கலாம். நாலைந்து தேதியையும் சரிபாருங்கள். பழைய கோப்பை அழிக்காமல் பென் டிரைவில் வையுங்கள்.

நாத்தனாருக்குப் போன் போட்டேன். "மீட்டது சரி மதினி. எங்கிட்டக் கொண்டாந்து கொடுத்தது எப்ப?" என்றாள். கெட்டிக்காரி!

இடது பக்கம் ஒட்டிக்கொண்டிருந்த வரிகளில் தேடினேன். 18/03/2012: மேலூர் பஸ், சங்கிலி கொடுக்க.



"அப்ப நான் வேற எந்தச் சடங்கை நினைச்சுக்கிட்டிருக்கேன்?" என்று அவள் சிரித்துவிட்டாள்.