இரவில் நேராக நின்ற கார் காலையில் சாய்ந்திருக்கிறதா? ஏர் சஸ்பென்ஷனைக் கவனியுங்க!

இரவில் தேக்காவில் காரை நிறுத்திவிட்டுப் போகிறீர்கள். காலையில் பார்த்தால் ஒரு மூலை மட்டும் கீழே இறங்கி, டயருக்கு மேல் விரல்கூட நுழையாத நிலை. டயரில் காற்று சரியாகத்தான் இருக்கிறது. அப்போ என்னாச்சு?

காரில் ஏர் சஸ்பென்ஷன் இருந்தால், முதல் சந்தேகம் காற்றுக் கசிவுதான்.

எப்படி வேலை செய்கிறது?

நிறுத்தத்தில் பேருந்து 'புஸ்' என்று ஒரு பக்கம் தாழ்வதைப் பார்த்திருப்பீங்க. அதே தத்துவம்தான். எஃகுச் சுருளுக்குப் பதில், காற்று நிரப்பிய ரப்பர் பைகள் காரைத் தாங்குகின்றன. கம்ப்ரசர் காற்றை அனுப்பும். வால்வுகள் அதைப் பிரித்துக் கொடுக்கும். உயரத்தை அளக்கும் சென்சார்கள் கணினிக்குத் தகவல் சொல்லும்.

எங்கே கோளாறு?

* ஒரு மூலை மட்டும் இறங்கினால்: அந்தப் பக்கத்துப் பை அல்லது குழாய்
* முன்பக்கம் அல்லது பின்பக்கம் முழுதும் இறங்கினால்: வால்வுத் தொகுதியையும் பார்க்கவேண்டும்
* கார் எழவே இல்லை, கம்ப்ரசர் சத்தமும் இல்லை என்றால்: ஃபியூஸ், ரிலே, கம்ப்ரசர்
* கசிவு இல்லை, உயரம் மட்டும் தவறு என்றால்: சென்சார் அல்லது அதன் இணைப்புக் கம்பி

குளிர்நாடுகளில் இரவுக் குளிரில் காற்று சுருங்கி, கார் கொஞ்சம் தாழலாம். சிங்கப்பூரில் அந்தச் சாக்கு செல்லாது!

நீங்களே என்ன செய்யலாம்?

சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து அதற்கு மேலுள்ள விளிம்புவரை நான்கு பக்கமும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை, காரைத் திறப்பதற்கு முன்பே மீண்டும் அளங்கள். எந்த மூலை, எத்தனை சென்டிமீட்டர் என்று சொன்னால் மெக்கானிக்கின் வேலை பாதி முடிந்துவிடும்.

சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதைப் பட்டறையிடமே விடுங்கள். பை திடீரெனக் காற்றை இழந்தால் கார் அப்படியே இறங்கும். அதனால் அடியில் தலையையோ கையையோ நீட்டாதீங்க.

அப்படியே ஓட்டலாமா?

வேண்டாம். டயர் உரசலாம். சிறு கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடும் கம்ப்ரசரும் சூடாகிப் பழுதாகும். ஒரு பை மாற்றும் செலவு இரண்டு மடங்காகலாம். கார் தாழ்ந்துவிட்டால், முழுக் காரையும் மேலே ஏற்றிச் செல்லும் இழுவை வண்டியைக் கேளுங்கள்.

"கம்ப்ரசர் போச்சு, மாத்தணும்" என்று பட்டறையில் சொன்னால், "எதனால் போச்சு? கசிவைச் சரிசெய்தாச்சா?" என்று கேளுங்கள். கசிவு அப்படியே இருந்தால் புது கம்ப்ரசருக்கும் அதே கதிதான்.

பழைய கார் வாங்குகிறீர்களா?

சிஓஇ முடிய இரண்டு, மூன்று ஆண்டு இருக்கும் சொகுசு கார் மலிவாகத் தெரியலாம். ஆனால் அதன் ரப்பர் பைகளுக்கும் அதே வயது இருக்கலாம். இரவு முழுதும் நின்ற காரை, இயந்திரத்தை முடுக்குவதற்கு முன் பாருங்கள். முன்கூட்டியே ஓட்டி வைத்திருந்தால் சாய்வு தெரியாது.

விற்பனை நிறுவனத்திடம் வாங்கினால், 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த 'லெமன் சட்டம்' பழைய கார்களுக்கும் பொருந்தும். காரைப் பெற்ற 6 மாதத்துக்குள் தெரியவரும் குறைக்கு நிவாரணம் கேட்கலாம். வழக்கமான தேய்மானம் அதில் சேராது. தனிநபரிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பும் இல்லை.

ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன் அளவு நாடாவை எடுத்துப் பார்த்துடுங்க.